துபாய் வில்லா: ஏசிக்கு முன்னால் வெயிலைக் கவனியுங்கள்

துபாய்க் கடற்கரை வடமேற்கைப் பார்த்தது. கடல் தெரியட்டும் என்று அந்தப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்தால், ஜூன் மாதத்து மாலை வெயில் நேராக வரவேற்பறைக்குள் வந்து உட்காரும். அந்த மாதத்தில் சூரியன் மேற்கிலிருந்து 26 பாகை வடக்கே தள்ளித்தான் மறைகிறது. தாழ்ந்து வரும் வெயிலுக்குச் சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. கண்ணாடிக்கு வெளியே செங்குத்துப் பலகைகளோ மஷ்ரபியா எனும் அரபு பாணிச் சல்லடைத் தடுப்போ வேண்டும். உள்ளே திரை போடுவது தாமதம்; சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் கார் ஷெட், மாடிப்படி, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் மேற்கே தள்ளிவிடலாம்.

தெற்கு ஜன்னல் சுலபம். செப்டம்பர் 22 வாக்கில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 65 பாகை உயரத்துக்கு இறங்கும்போதும், ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டி 95 செ.மீ. சன்ஷேடு இருந்தால் 2 மீட்டர் உயர ஜன்னல் முழுதும் நிழலில் இருக்கும்.

மொட்டை மாடியில் வாட்டர்புரூஃபிங் முதலில், அதன்மேல் 100 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை). மாற்றிப் போட்டால் வாட்டர்புரூஃபிங் வெயிலில் விரிந்து சுருங்கிச் சீக்கிரமே வெடிக்கும். பாலைவனம்தானே என்று மழைநீர்க் குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். 2024 ஏப்ரலில் துபாயை வெள்ளக்காடாக்கிய மழையை மறக்கக் கூடாது.

சுவரில் வெப்பம் தடுக்கும் பிளாக் வைத்துவிட்டு, கான்கிரீட் தூணையும் பீமையும் வெறுமனே விடுவது வழக்கமான தவறு. சூடு அந்த வழியாகவே உள்ளே வரும். காப்புப் பலகை வெளிப்புறமாக எல்லாவற்றையும் போர்த்த வேண்டும்.

இத்தனையும் செய்தபின் ஏசி கணக்கைப் போடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று 2 டன் கூட்டுவதுதான் பெரிய கெடுதல். அறை சட்டென்று 24 டிகிரிக்கு வரும், கம்ப்ரெஸர் நிற்கும், ஈரப்பதம் அப்படியே தங்கும். ஆகஸ்டில் ஏசி காற்று வரும் டிஃப்யூசரில் நீர் சொட்டுவதும் அலமாரிக்குள் துணி பூஞ்சை பிடிப்பதும் இப்படித்தான். சமையலறை, குளியலறை விசிறிகள் வெளியேற்றும் காற்றைவிடச் சற்று அதிகமாக, ஈரம் நீக்கிய புதுக் காற்றை உள்ளே தர வேண்டும். இல்லையென்றால் கதவிடுக்கு வழியே கடற்காற்று புகும். ரியாத்தின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும் ஏர்கூலரும் முற்றத்து நீரூற்றும் இங்கே ஆகஸ்டில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

தண்ணீர்த் தொட்டியை மாடியில் வெயிலில் வைக்காமல் நிலத்தடியில் வையுங்கள். இல்லாவிட்டால் ஜூலையில் 'பச்சைத் தண்ணீர்' குழாயில் கை வைக்க முடியாது. வளைகுடாவில் பலர் கோடையில் கீசரை அணைத்துவிட்டு, ஏசி போட்ட வீட்டுக்குள் அந்தக் கீசரில் ஆறிக் கிடக்கும் நீரில்தான் குளிக்கிறார்கள்.