பனையடியில் பதநீர் குடிக்க வருகிறீர்களா?

பங்குனி, சித்திரையில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் வந்தால் விடியற்காலையிலேயே பனங்காட்டுக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறியபின் சாலையோரத்தில் குடத்தில் வைத்து விற்பதற்கும் மரத்தடியில் இறக்கியவுடன் குடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பதநீரின் ருசியைத் தீர்மானிப்பது சுண்ணாம்புதான். சீவிய பாளையிலிருந்து (பனையின் பூங்குலை) சொட்டும் சாறு தித்திப்பானது. ஆனால் காற்றிலும், சாறு பிடிக்கப் பாளையில் கட்டும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே அதில் வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் அடங்கும், தித்திப்பு நிற்கும். தடவாமல் கட்டினால் இறங்குவது கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை.

சுண்ணாம்பு குறைந்தால் வாசத்திலேயே தெரியும்: லேசான புளிப்பு, ஓரத்தில் நுரை, அடியிலிருந்து எழும் சிறு குமிழி. கூடினால் நாக்கு அறுக்கும், நிறம் பால்போலக் கலங்கியிருக்கும். பழைய கலயத்தைக் கழுவாமல் மறுபடி கட்டினால், எவ்வளவு தடவினாலும் சீக்கிரம் புளித்துவிடும். இரவில் மழை பெய்தால் தண்ணீர் இறங்கிச் சுண்ணாம்பு நீர்த்துப்போகும். மறுநாள் காலை குடிக்காமல் விடுவதே நல்லது.

இறக்கியதைக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள், சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை, மட்டையடியில் வலைபோல இருக்கும் பன்னாடையிலோ வெள்ளைத் துணியிலோ வடிகட்டி, ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். பச்சை ஓலையின் மணம் அதில் இறங்கும். பிளாஸ்டிக் தம்ளரில் அது கிடைக்காது, கேட்டு வாங்குங்கள். நுங்கு போட்டுத் தந்தால் முதலில் வெறும் பதநீரை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். நுங்கு சேர்ந்தபின் புளிப்பு பிடிபடாது.

பனையேறி தினமும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் வெட்டுவாய் காய்ந்து சொட்டு குறையும். இவ்வளவு உயரமான மரத்தில் இத்தனை முறை ஏறி இறங்கும் உழைப்புக்குப் பேரம் பேசாதீர்கள்.

மிச்சத்தை உடனே அடுப்பில் ஏற்றுவார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். புளிக்கத் தொடங்கியதைக் காய்ச்சினால் சர்க்கரை உடைந்துபோயிருக்கும்; எவ்வளவு கிண்டினாலும் பாகு சிரட்டையில் இறுகாமல் பிசுபிசுக்கும். அங்கேயே கருப்பட்டி வாங்கினால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வேண்டாம். நல்ல கருப்பட்டியும் கடற்கரை ஈரக்காற்றில் கசியும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.