உங்கட அம்மா மன்னிச்சாங்களா?

உளவளத்துணைக்காக, அதாவது மன ஆறுதலுக்கான ஆலோசனைக்காக, என்னிடம் வந்த ஓர் அக்கா ஒருநாள் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். “இது உங்களுக்கான நேரம் அக்கா, உங்களைப் பற்றியே பேசுவோம்” என்று நான் சொன்ன பதில் உளவளத்துணை முறைப்படி சரியானதுதான். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது அது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்லிக்கொடுப்பது அது. ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டதும் அவர் “சரி மிஸ்” என்று உடனே பேச்சை மாற்றிக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு பூசையில், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது கணவரைப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய முதுகிலும் உலோகத் துண்டுகள் பாய்ந்திருந்தன. அவற்றில் ஒன்றை எடுப்பதைவிட விடுவதே பாதுகாப்பு என்று வைத்தியர்கள் உள்ளேயே விட்டுவிட்டார்கள். அதனால் கதிரையில் சாய மாட்டார். விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே பேசுவார். மாலைச் செபத்தில், தீமை செய்தவர்களை மன்னிப்பதாகச் சொல்லும் இடம் வந்ததும் தான் வாயை மூடிக்கொள்வதாகவும், மாமியின் குரல் மட்டும் அந்த இடத்தைக் கடந்து போவதாகவும் ஒருநாள் சொன்னார். இப்படி இருந்துகொண்டு பூசையில் நன்மை (நற்கருணை) எடுக்கலாமா என்பதுதான் அப்போது அவருடைய பெரிய பயம். பங்குத் தந்தை கண்டிக்கவில்லை. மன்னிக்கும் வரத்தைக் கேட்டுச் செபியுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் 2020 உயிர்ப்புப் பெருவிழாவின்போது, ஊரடங்கால் கோயில்கள் பூட்டியிருக்க, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கூறியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து அவருக்கு ஒரு கேள்வி இருந்தது: “என்னையும் சேர்த்தா மிஸ் சொன்னாங்க?”

குண்டை வெடிக்கவைத்தவனைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவன் செத்துவிட்டான், அவனைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்பார். அவருக்கு ஆறாதது, முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் பேசாமல் இருந்தவர்கள்மேல்தான். இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே தகவல் வந்திருந்ததும், அது கோயில்களை எட்டவே இல்லை என்பதும் அவருக்குத் திகதி வாரியாகத் தெரியும். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அன்றைய பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவரும் தலா ஏழரைக் கோடி ரூபாவும் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின் முன்னாள் ஜனாதிபதி கத்தோலிக்க மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் எல்லோரும் “அவர்தான் கேட்டுட்டாரே” என்று சொல்லத் தொடங்கியதாகவும், மன்னிக்காத பாவம் இப்போது முழுவதும் தன் தலையில் வந்து விழுந்துவிட்டதாகவும் சொன்ன அன்றுதான் அவர் என்னிடம் கேட்டார்.

“நீங்க வெள்ளவத்தை ஆக்கள்தானே மிஸ். எண்பத்திமூணுல உங்கட வீட்டாக்களும் அடிபட்டிருப்பாங்க. உங்கட அம்மா மன்னிச்சாங்களா?”

அவருடைய ஊகம் சரி. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் வீடு எரிக்கப்பட்டது. அம்மா பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் தங்கி, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பல வருடங்கள் கழித்து மறுபடியும் இதே கொழும்புக்கு வந்தவர். வெள்ளிக்கிழமை கதிரேசன் கோயிலையும் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலையும் தவறவிடாதவர். ஆனால் அவர் மன்னித்தாரா என்று அப்போது எனக்கு உண்மையில் தெரியாது. எங்கள் வீட்டில் அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வதுண்டு. “தெரியாது அக்கா” என்றாவது சொல்லியிருக்கலாமே என்ற எண்ணமும் அடுத்த நிமிடமே வந்துவிடும்.

என் மேற்பார்வையாளர் நான் செய்தது சரி என்றார். துணை தேடி வந்தவரிடம் நம் காயத்தைத் திறந்து காட்டினால், கடைசியில் அவர்தான் நம்மைத் தேற்ற வேண்டிவரும். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த சந்திப்பில், மன்னித்தாலும் நீதி கேட்கலாம் என்றும், மன்னித்தோம் என்ற கர்தினாலே அடுத்த வருடம் நீதி கேட்டுக் கறுப்பு ஞாயிறு என்ற எதிர்ப்பு நாளை அனுட்டித்துப் பொறுப்பானவர்களைக் கேள்வி கேட்டார் என்றும் எடுத்துச் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. அதன் பிறகு நன்மை எடுக்கவும் தொடங்கினார். அதை நினைத்து நான் ஆறுதல் அடைந்திருக்கிறேன்; ஆனால் அவர் என்னிடம் கேட்டது நீதியைப் பற்றி அல்ல. மன்னிக்காமலே ஒருத்தி இத்தனை வருடம் சாமி கும்பிட்டு, பிள்ளை வளர்த்து, உயிரோடு இருக்க முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கொழும்பில் பதில் சொல்லக்கூடிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

அக்கா அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. “மன்னிக்கச் சொல்லி ஆர் வந்து கேட்டவை?” என்றார். 2004இல் சந்திரிகா ஜனாதிபதியாக இருந்தபோது ஜூலைக் கலவரத்துக்காக மன்னிப்புக் கேட்டாரே என்றேன். “அது நாட்டுக்குச் சொன்னது. எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தவங்களை எனக்கு முகம் தெரியும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, முகாமுக்குப் போகும்வரை எங்கள் ஆட்களைத் தன் சமையலறையில் ஒளித்து வைத்த பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் பெயரைச் சொல்லி, அவவுக்காகத்தான் ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொன்னார். மற்றவர்களுக்காக எதுவும் கேட்பதில்லையாம், சாபமும் போடுவதில்லையாம்.

இதை அந்த அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்குமா, இல்லை, நாற்பது வருடம் போனாலும் இது இறங்காதா என்று அவரைக் கலங்கவைத்திருக்குமா? கலங்கியிருப்பார் என்று நினைக்கும் நாட்களில் நான் பேசாமல் இருந்ததே நல்லது என்று படுகிறது. ஆனால் இழக்கக்கூடாததை இழந்தும், பயந்து பயந்து அதே கோயிலின் படியேறிப் போனவர் அவர். என் அம்மாவின் ஒரு பதிலைத் தாங்கமாட்டார் என்று நான் எதை வைத்துக் கணித்தேன் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.