தரங்கம்பாடி: உப்பும் சுண்ணாம்பும்

பிப்ரவரி 5, வியாழன்

மயிலாடுதுறையிலிருந்து ஆக்கூர் வழியாகப் பேருந்து. 1792-இல் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் நேரே நடந்தால் கடல்; வலக்கைப் பக்கம் டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டுக் கட்டியது. கீழே சரக்கறையும் சிறையும், மேலே ஆளுநர் குடியிருப்பு. 1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையே, வங்கத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அப்புறம் வெகுகாலம் கோட்டை பயணியர் விடுதி. இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம்: காசு, பீங்கான், வாள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு அரை மணி போதும். மிச்ச நேரத்தைச் சுவர்களுக்குக் கொடுங்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி

கோட்டை வெள்ளிக்கிழமை விடுமுறை. தெருக்களில் பழைய வீடுகளின் சுவரடியைப் பார்க்க நல்ல நாள்.

நிலத்து ஈரம் செங்கல்லில் ஏறும். கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து படிய விடும். வெயிலில் ஈரம் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பருக்கும், மழையில் கரையும், கோடையில் மறுபடி பருக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் உப்பு வெளியே பூத்து உதிரும். பூச்சு போகும், சுவர் பிழைக்கும். சிமென்ட் பூசினாலோ ஈரம் அதன் பின்னால் அடைபட்டு இன்னும் மேலே ஏறும். படிகம் உள்ளேயே பருத்துப் பூச்சைத் தகடு தகடாகத் தள்ளும், செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. விரல் மடக்கித் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிற இடம் அதுதான். 'பலமா இருக்கட்டும்' என்று சிமென்ட் வைப்பதுதான் இந்த ஊர் வீடுகளுக்குப் பெரிய வினை.

சரியான சாந்து: நன்றாக நீற்றுப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு, பிசையக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர். கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பை நாமே சுவருக்குள் வைத்ததாகிவிடும். நீறாத கட்டி ஒன்று தப்பினாலும் பூசிய பின் நீறிப் பருத்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தெறிக்கும். பூசியபின் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்புதான்.

பிப்ரவரி 7, சனி

சீகன்பால்கு இல்லம். சீகன்பால்கு, இங்கே தமிழ் அச்சகம் நிறுவிய ஜெர்மானிய மதபோதகர். அவர் இங்கே இறங்கியது 1706 ஜூலை 9. அடக்கமானது 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில், ராஜ வீதியிலேயே. இல்லத்தின் காட்சிகளில் அச்சு பற்றிய பகுதியில் நிதானியுங்கள். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. அதனால் சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். காகிதமும் பக்கத்திலேயே, பொறையாற்றருகே செய்து பார்த்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர்.