அறிவு 1 வைத்து ஆடிப் பார்த்தேன்

ஃபால்அவுட் 2 என்ற கம்ப்யூட்டர் கேமை முதல் தடவை ஆடியபோது, என் ஆளின் அறிவைக் காட்டும் எண்ணை, அதாவது இன்டெலிஜென்ஸை, 9-ல் வைத்துத்தான் தொடங்கினேன். லெவல் ஏறும்போது திறமைகளை வளர்க்கக் கிடைக்கும் ஸ்கில் பாயிண்ட் அதைப் பொறுத்துத்தான், பேசும்போது வரும் ஆப்ஷனும் அதிகம், அப்புறம் யார் குறைப்பார்கள்? கொஞ்ச நாள் முன்பு, சும்மா ஒரு வீம்புக்கு, அதை 1-க்கு இறக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். என் ஆள் வாயைத் திறந்தால் உறுமலும் முனகலும்தான். பலர் பரிதாபப்பட்டு அனுப்பிவிடுகிறார்கள், சிலர் விரட்டுகிறார்கள், நம்பி வேலை கொடுப்பவர்கள் ரொம்பக் குறைவு. கேமில் வரும் க்ளமாத் என்ற ஊரில் டோர் என்று ஒருவன் இருப்பான், மாடு காக்கிறவன். புத்தியுள்ள ஆளோடு போனால் மழலை மாதிரி பேசுவான். இந்த மக்கு ஆளோடு போய் நின்றால், இரண்டு பேரும் பெரிய வித்வான்கள் மாதிரி அலங்காரமாகப் பேசிக்கொள்கிறார்கள்! 1998-இல் வந்த கேம் இது. பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்க்கப்போகாத ஒரு உரையாடலை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

எனக்கு இந்த மாதிரி விஷயம்தான் பிடிக்கும். எண் கூடினால் ஒரு கதவு திறக்கும் என்பது எல்லா ஆர்பிஜியிலும் (ஒரு பாத்திரமாக நடித்து ஆடும் கேம்) உண்டு. எண் குறைந்தாலும் அதற்கென்று வசனம் எழுதி வைத்திருக்கிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஃபால்அவுட் 3-இல் பேசி மடக்கும் ஆப்ஷன் பக்கத்தில் இத்தனை சதவீதம் பலிக்கும் என்று போட்டிருக்கும். பலிக்கவில்லையா, முன்பு சேவ் பண்ணின இடத்திலிருந்து லோட் பண்ணு, மறுபடி அமுக்கு. அதை ஆடி முடிக்கும்வரை நான் வேறெப்படியும் ஆடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, ஸ்பீச் என்ற பேச்சுத் திறமை 50 வேண்டும் என்றால் 50 வேண்டும். (ஸ்பீச் என்பது வளர்த்துக்கொள்ளும் ஸ்கில், இன்டெலிஜென்ஸ் மாதிரி அடிப்படைக் குணமான ஸ்டாட் இல்லை, தெரியும், ஆனால் விவகாரம் ஒன்றுதான்.) அதில் இன்னொரு வேடிக்கை, உங்களிடம் அந்த அளவு இல்லையென்றால் வசனமே மாறிவிடும், அசட்டுத்தனமாக எதையோ உளறும் வரியாக இருக்கும், தோற்கும் என்று தெரிந்தும் சிரிப்புக்காகவே அதை அமுக்கத் தோன்றும்.

ஆனால் நியூ வேகாஸிலும், வசனத்தின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எண் போடும் தொல்லை போகவில்லை. எண் போட்ட வரி கண்ணில் பட்டதும் மற்ற வரிகளைப் படிப்பதையே விட்டுவிடுகிறேன். எழுதினவர் நாலு பதில் எழுதியிருப்பார், நான் பரீட்சையில் விடை தெரிந்த பையன் மாதிரி நேராக அங்கே போய் அமுக்குவேன். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்ற கேமில் இந்தக் குறிப்புகளை செட்டிங்ஸில் மறைத்துவிடலாம். மறைத்த பிறகுதான் எதிரில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்றே கவனிக்க ஆரம்பித்தேன்.

பிளேன்ஸ்கேப் டார்மென்ட் (1999) வேறு ரகம். ஆரம்பத்தில் குணங்களுக்குப் பங்கிட 21 பாயிண்ட் தருவார்கள். நான் புத்திசாலித்தனமாக எல்லாவற்றையும் பலம் மாதிரி உடம்புக் குணங்களிலேயே கொட்டினேன். விஸ்டம் என்ற விவேக எண் அதிகமாக இருந்தால் ஹீரோவுக்கு மறந்துபோன பழைய நினைவுகள் பேச்சுக்கு நடுவே திரும்பி வரும், கடைசிச் சண்டையைக்கூடப் பேசியே முடித்துவிடலாம் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. நான் கதையில் பாதியைத் தாண்டிக் குதித்து வந்திருக்கிறேன். என் மேல்தான் தப்பு, ஆனாலும் பலசாலிக்கும் அதே அளவு எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

டிஸ்கோ எலிசியம் (2019) அந்த ஆதங்கத்தைத் தீர்த்தது. 4 குணங்கள், அவற்றின் கீழ் 24 ஸ்கில்கள், எல்லாம் நம் தலைக்குள் உட்கார்ந்து பேசும். எதை ஏற்றினாலும் அதன் குரல்தான் ஓங்கும், ஓங்கினால் நல்லது என்றும் இல்லை. பொது அறிவான என்சைக்ளோபீடியாவை ஏற்றினால் ஒரு கொலையை விசாரித்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாத ஒரு தகவலை ஆர்வமாக எடுத்துவிடும். போதை ஆசையின் குரலான எலக்ட்ரோகெமிஸ்ட்ரியை ஏற்றினால் சிகரெட்டும் குடியும்தான் யோசனை. உடம்பை 1-ல் வைத்துத் தொடங்கியபோது, மின்விசிறியில் தொங்கும் டையை எடுக்கப் போய், கேம் தொடங்கி இரண்டு நிமிஷத்தில் மாரடைப்பில் செத்தேன். அதுவும் அந்த உரையாடல் பெட்டியிலேயே!

பால்டர்ஸ் கேட் 3-இல் எனக்கு ஒரே குறை, பேச்சைத் தொடங்கிய ஆள்தான் கடைசிவரை பேசியாக வேண்டும். கரிஸ்மா (பேசி வசப்படுத்தும் குணம்) வெறும் 8 இருக்கும் என் சண்டைக்காரன் எப்போதும் முன்னால் ஓடுவதால் அவனிடம்தான் எல்லாரும் வந்து பேசுகிறார்கள், பின்னால் பேச்சில் கெட்டிக்காரியான தோழி வாய்மூடி நிற்கிறாள். முதலில் லோட் பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன், பகடையை உருட்டுகிறான், தோற்கிறான், வாளை உருவுகிறார்கள், சரி, அதில்தான் அவன் கெட்டிக்காரன்.