ஆவணம் தரவில்லையாம், சீல் வைத்த நகல் என் கையில்

நான் புகார் கொடுத்த அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது புரட்டாசியில். "கேட்ட ஆவணங்களைத் தராததால் உங்கள் புகார் முடித்து வைக்கப்படுகிறது." அவ்வளவுதான். நான் கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் அவர்களே சீல் குத்திய நகல் என் பீரோவில் இருக்கிறது!

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் அம்மா இருக்கும் வீட்டுக்குப் பத்திரம் தராமல் ஒரு அரசு அலுவலகம் வருடக்கணக்காக இழுத்தடித்தது. அதை விசாரிக்கச் சொல்லி, மக்கள் குறை கேட்கவென்றே இருக்கும் ஓர் அமைப்பிடம் போனேன். பெயர் வேண்டாம். கடிதம் வந்ததற்கு முந்தைய வருடம் தைப்பூசக் காவடி முடிந்த வாரம் அது. புகார் கொடுப்பது சுலபம், செலவும் இல்லை. அப்புறம் 20 மாதம் பேச்சு மூச்சில்லை. டர்பன் ஆபீசுக்குப் போன் போட்டால், "ஃபைல் தலைமை ஆபீசில் இருக்கு ஆன்ட்டி." அங்கே கேட்டால், "டர்பனில்தான் இருக்கு."

கோபத்தில் சிறு உரிமை நீதிமன்றத்துக்குப் போனேன். அங்கே 20,000 ரேண்ட் வரைதான் கேட்க முடியும் என்று தெரியும், அலைச்சலுக்கு அது போதும். ஏழு மணிக்கே வரிசையில் நின்று, பத்தரைக்கு ஜன்னலை எட்டினால், "அரசு மேல் இங்கே கேஸ் போட முடியாது" என்றார் குமாஸ்தா. ஒரு நாள் சம்பளமும் டாக்சிக் காசும் போச்சு.

தீபாவளி, டிசம்பர் விடுமுறை என்று நானும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். பிப்ரவரியில் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு சின்னப் பெண் கடிதத் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். அரசு நிர்வாக முடிவுகளுக்குப் பொதுவான விதிப்படி, முடிவுக்குக் காரணம் கேட்டு எழுத 90 நாள்தான், அது தாண்டிவிட்டது. முடிவை மறுஆய்வு செய்யச் சொல்லி நீதிமன்றம் போக 180 நாள். அரசு அமைப்பிடம் நஷ்டஈடு கேட்பதென்றால் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ். அந்த இரண்டுக்கும் சில வாரங்களே மிச்சம்.

"நஷ்டஈடு கிடைக்குமா?" என்றேன். "கஷ்டம் ஆன்ட்டி" என்றாள். அரசு அலுவலகங்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் பப்ளிக் புரொடக்டருக்கான 1994 சட்டத்திலேயே, நல்லெண்ணத்தோடு சொன்ன முடிவுக்காக அவர்களைப் பொறுப்பாக்க முடியாது என்று இருக்கிறதாம். ஆனால் முடிவையே ரத்து செய்யச் சொல்லலாம். 2011இல் பப்ளிக் புரொடக்டரின் ஓர் அறிக்கையையே, ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. 2019இல் இன்னொரு வழக்கில், அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ரிசர்வ் வங்கியின் வழக்குச் செலவில் 15 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அன்றைக்கே நோட்டீஸ் போனது. கூடவே தகவல் பெறும் சட்டத்தின்படி என் ஃபைலின் நகலும் கேட்டோம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். 27ஆம் நாள் கட்டு வந்தது. பிரித்தால், நான் 'தராத' தாள்கள் எல்லாம் அவர்கள் ஃபைலிலேயே, சீலோடு! ஓரத்தில் யாரோ பென்சிலில் டிக் வேறு போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, மறுஆய்வு வழக்கு தயாராகிறது என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினோம். ஒன்பதாவது நாள் பதில்: புகாரை மறுபடி திறக்கிறார்கள். வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை, அலைச்சலுக்கு ஒரு சென்ட் இல்லை.

நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். முடித்து வைத்ததாகக் கடிதம் வந்தால் உறையையும் பத்திரப்படுத்துங்கள், நாள் கணக்குக்கு அது உதவும். பத்திரம் இன்னும் வரவில்லை. புதுப் புகார் எண்ணை அம்மா காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.