யார் பேரை எழுதுவது

தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் செயலி மறந்திருக்காது. வியாபாரியின் பெயர் என்று ஒரு கட்டம் வரும். அதில் ஒரே ஒரு பெயர்தான் ஏறும். ஆதாரோடு பொருந்த வேண்டும், கைபேசிக்கு ஓடிபி வர வேண்டும், அப்புறம் கடையோடு சேர்த்து நிற்கவைத்து ஒரு படம். எந்த இடம் என்பது தானாகவே பதிவாகிவிடும். நல்ல ஏற்பாடுதான். சங்கத்துக்காரர்களும் கட்சிக்காரர்களும் பட்டியல் எழுதிக் கொடுத்த காலத்தில், கடையே போடாத மச்சானும் மாப்பிள்ளையும் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கட்டத்தில் நான் எழுதிய ஒரு பெயர் இன்னும் தொந்தரவு பண்ணுகிறது. எழுதியது தவறு என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதே பெயரைத்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை வாசல். மூலனூர் முருங்கைக்காய், காரமடைக் கறிவேப்பிலை, நாலைந்து வகைக் கீரை. ஸ்பின்னிங் மில் மூடியபிறகு இந்தப் பொழப்புக்கு வந்த ஒரு அம்மா விற்றுக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கை விலக்கி, அரைக்கீரைக் கட்டு ஒவ்வொன்றாக எடுத்து வேரை நறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். ஆதாரைக் கேட்டதும் கத்தி நின்றது.

"என் பேரு வேண்டாமுங்க சார். ஆத்தா பேருக்கே போட்டுருங்க."

எந்த ஆத்தா என்று கேட்டேன். தலைக்கு மேலே நின்ற பெரிய குடையைக் காட்டினார். குடைக்கம்பு ஒரு பழைய ஆட்டுக்கல்லின் குழியில் நட்டிருந்தது, சுற்றிலும் ஜல்லிக்கல் திணித்து ஆடாமல் பண்ணியிருந்தார்கள். அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரர்தான் ஆத்தா. உரக்கடை வருவதற்கு முன்னாலிருந்து அங்கே உட்கார்ந்தவர். முட்டி தேய்ந்து, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போனபிறகு இந்த அம்மாவை உட்காரவைத்திருக்கிறார். நாளுக்கு 100 ரூபாய். உறவு எதுவும் இல்லை.

"யார் விக்கறாங்களோ அவங்க பேருதாங்க எழுத முடியும்" என்றேன்.

"நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. அவங்க மூஞ்சில முழிக்கறது நானுங்க."

இதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இத்தனை நாளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். "அவங்க பேருல போட்டா நாளைக்கு உங்களை எந்திரிச்சுப் போன்னு சொன்னா கேக்க ஆளில்லைங்க. உங்களுக்குன்னு ஒரு சட்டம் வந்திருக்குது, அதை ஏன் வேண்டாங்கறீங்க?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சுருக்குப்பையிலிருந்து ஆதாரை எடுத்து நீட்டினார். படம் எடுத்தேன். படத்தில் ஆட்டுக்கல்லும் விழுந்திருக்கிறது.

சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஏற்கெனவே கடை போட்டிருக்கும் எல்லோரையும் எண்ண வேண்டும், எண்ணி முடித்து வியாபாரச் சான்று கொடுக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது. சான்று வாங்குகிறவர் தானோ தன் குடும்பத்தாரோதான் விற்க வேண்டும், வேறு பிழைப்பு இருக்கக் கூடாது, சான்றையோ இடத்தையோ வாடகைக்கு விடக் கூடாது என்பது ஐந்தாவது பிரிவு. ஆத்தா பெயரைப் போட்டிருந்தால் முதல் நாளே நிபந்தனை மீறல். யாராவது ஒரு மனு போட்டால் போதும், சான்று ரத்தாகும். இருவருக்கும் இல்லாமல் போயிருக்கும்.

அந்த விதி யாருக்காக வைத்தது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலேயே ஒருவர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பல இடங்களைக் கையில் வைத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்து பானிபூரி விற்கும் பையன்களிடம் நாளுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். கணக்கெடுப்பில் அந்த இடங்கள் அத்தனையையும் நின்று விற்ற பையன்கள் பெயருக்கே எழுதினோம். அவர் நகராட்சியில் வந்து கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன். அவருக்குப் போட்ட விதியைத்தான் ஆத்தாவுக்கும் போட்டேன். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு ஒன்று என்று நான் யார் பிரித்துப் பார்க்க?

ஆத்தா அடுத்த வாரம் ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டார். படியேற முடியாததால் நான்தான் கீழே இறங்கிப் போனேன். மடியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே நகராட்சிக் குத்தகைதாரர் கொடுத்த சுங்க ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு கட்டுக் கட்டாக. சிலது எழுத்து அழிந்து வெறும் தாளாக இருந்தது. சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை.

"கல்லு ஆருதுன்னு கேட்டீங்களா கண்ணு?"

"கேட்டனுங்க ஆத்தா."

"கேட்டுப்போட்டுமா அவ பேரை எழுதுனீங்க?"

விதியை விளக்கினேன். குறை சொல்ல வேண்டுமானால் சட்டத்திலேயே வழி இருக்கிறது, சிவில் நீதிபதியாக இருந்த ஒருவர் தலைமையில் குறைதீர்க்கும் குழு என்று இருபதாவது பிரிவில் இருக்கிறது என்றேன். அந்தக் குழு எங்கள் ஊருக்கு எங்கே உட்காருகிறது என்று எனக்கே அப்போது தெரியாது. அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "அவ நல்ல புள்ளைதான். அவளுக்கு எழுதுனதுல எனக்கு வருத்தமில்ல சாமி. என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுதுவதை மாற்றியிருக்க முடியாது. மாற்ற முடியாததை எதற்குக் கேட்பது என்று அன்று நினைத்தேன். பாதி நாள் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதி நாளில் வேறு கணக்கு ஓடும். சட்டம் வந்த கையோடு எங்கள் ஊரில் ஒழுங்காக எண்ணியிருந்தால் ஆத்தா அப்போது அங்கேதான் உட்கார்ந்திருப்பார், அவர் பெயர் ஏறியிருக்கும். நாங்கள் வருவதற்குள் முட்டி போய்விட்டது. சரி, ஏறியிருந்தாலும்தான் என்ன? சான்று வைத்திருப்பவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ கணவன் அல்லது மனைவிக்கு, இல்லாவிட்டால் அவரை நம்பி இருக்கும் பிள்ளைக்கு என்று வரிசை இருக்கிறது. ஆத்தாவுக்கு வீட்டுக்காரர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், தனிக் குடித்தனம். ஆக, எந்த வழியில் போனாலும் அந்த இடம் அவர் கையை விட்டுப் போயிருக்கும். வயசாகி எழுந்து போகிற வியாபாரிக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. உட்கார்ந்திருக்கும்வரை பாதுகாப்பு, எழுந்தால் நீ யாரோ.

பயிற்சி வகுப்பில் சோதன் சிங் வழக்கைப் பற்றிச் சொன்னார்கள். 1989-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு. நடைபாதையில் வியாபாரம் பண்ணுவது அரசியல் சட்டம் கொடுத்த தொழில் உரிமைக்குள் வரும், ஆனால் இன்ன இடம் எனக்கே என்று யாரும் கேட்க முடியாது. 2014 சட்டமும் சான்று வாங்கினால் இடம் சொந்தமாகிவிடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுத் தெருவை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பின்னாலிருக்கும் அந்த உரக்கடைக் கட்டடம் கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவருக்குச் சொந்தம். அவர் இந்தப் பக்கம் வந்தே வருஷக்கணக்காகிறது. மாசம் பிறந்தால் வாடகை பேங்க் கணக்கில் விழுகிறது. அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. அவர் வாங்குவதும் ஆத்தா வாங்கியதும் ஒன்றில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை, அவரிடம் பத்திரம் இருக்கிறது. இருந்தாலும், வெயிலில் உட்கார்ந்து, நகராட்சி லாரி வந்து கீரையை அள்ளிக்கொண்டு போன நாட்களில் பின்னாலேயே ஓடி, விரட்டியபோதெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்து அந்த வாசலை ஒரு கீரைக்கடை ஆக்கியது யார்? பஸ் இறங்குகிறவர்கள் நேராக அங்கே போகிறார்கள் என்றால் அது ஆத்தா பழக்கியது. அந்தப் பழக்கத்துக்குத்தான் 100 ரூபாய்.

இப்படி யோசித்துக்கொண்டே போனால் பானிபூரிக்காரர்களின் இடங்களை வைத்திருந்தவரும் இதையேதான் கத்தினார் என்பது ஞாபகம் வரும். "நான் அடி வாங்கிப் புடிச்ச எடம்" என்றார். அவரைச் சிரித்துத் தள்ளிவிட்டோம். ஆத்தாவிடம் சிரிப்பு வரவில்லை. வித்தியாசம் விதியில் இல்லை, என்னிடம்தான்.

கீரைக்கடை அம்மாவுக்கு வியாபாரி அடையாள அட்டை வந்தது. அதைக் காட்டி ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாயும் வாங்கினார். 2020-ல் கொரோனா சமயத்தில் தெருவோர வியாபாரிகளுக்காகக் கொண்டுவந்த கடன் அது. அதுவரை தண்டல்காரரிடம் வாங்கிக்கொண்டிருந்தார். 10,000 கேட்டால் முன்கூட்டியே வட்டி பிடித்துக்கொண்டு கையில் தருவது குறைவாகத்தான் இருக்கும், சாயங்காலம் ஆனால் வண்டியில் வந்து நிற்பார்கள். அதிலிருந்து அவர் மீண்டார் என்றால் நான் எழுதிய அந்தப் பெயரால்தான். சந்தேகம் வரும்போதெல்லாம் இதைத்தான் எடுத்து முன்னால் வைத்துக்கொள்வேன்.

100 ரூபாய் என்ன ஆயிற்று என்று மட்டும் இரண்டு பேச்சு இருக்கிறது. "குடுத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்று கீரைக்கடை அம்மா சொன்னார். ஆத்தா வீட்டுப் பக்கத்தில் குடியிருக்கும் எங்கள் ஆபீஸ் ஆயாம்மா வேறு மாதிரி சொல்கிறார்: அட்டை வந்த நாளிலிருந்து ஆத்தா காசு வாங்குவதில்லையாம், "அவ எடத்துக்கு நான் எதுக்குக் காசு வாங்கறது" என்கிறாராம், கீரைக் கட்டு மட்டும் வாங்கிக்கொள்கிறாராம். எது நிஜம் என்று விசாரிக்கலாம். கொடுப்பது நிஜமானால் வாடகை, நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்காதது நிஜமானால் அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? அந்த வழியாகப் போகும்போது கீரை வாங்குவேன், பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

கணக்கெடுப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்பதால் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பெண் இதையே கேட்டார்: "உக்காந்திருக்கறவங்களுக்கும் எடத்துக்காரங்களுக்கும் பேர் வேற வேறயா இருந்தா என்னங்க பண்றது?" உட்கார்ந்திருப்பவர் பெயர்தான், யோசிக்கவே வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் கோயில் வீதியில் விட்டுப்போன கடைகளை எண்ணப் போனபோது ஒரு பூக்காரப் பெண் இருந்தார். கடை கண் தெரியாத ஒரு பாட்டியுடையது. பாட்டியைப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பூ கட்டுவது, விற்பது, காசு வாங்குவது எல்லாம் அந்தப் பெண்தான். குடும்பத்தார் விற்றால் விதிக்குள் வரும். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் தாமதித்து, "மாமியாருங்க" என்றார். குடும்ப அட்டை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பாட்டி பெயரை எழுதி, இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் மாமியார் என்றார்கள், எழுதினேன் என்று சொல்வதாக இருக்கிறேன்.