லிண்டிஸ்ஃபார்ன் காளவாய் மாடல்: ஒருவழியா ஆர்ச்சு நின்னுடுச்சு

மூணு தடவ விழுந்த ஆர்ச்சு நேத்து ராத்திரி நின்னுடுச்சு! அடியில முட்டுக் கொடுத்திருந்த சென்ட்ரிங்க உருவிட்டு பத்து நிமிஷம் அசையாம பார்த்துக்கிட்டே இருந்தேன், வீட்டுக்காரம்மா வந்து "இதுக்கா ரெண்டு வாரமா ஹால்ல ஃபேன் போட விடல"ன்னாங்க.

இங்கிலாந்து வடகிழக்குக் கரையில லிண்டிஸ்ஃபார்ன் தீவுல இருக்க சுண்ணாம்புக் காளவாய்தான் இது. 1860ல கட்டுனது, இப்ப நேஷனல் ட்ரஸ்ட்ங்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்குது. ஆறு குழியில நான் ஒண்ணுதான் செய்றேன், 1:35 அளவுல (நிஜத்துல 35ல ஒரு பங்கு), உள்ள தெரியுற மாதிரி ஒரு பக்கம் வெட்டி. மேல கல்லையும் கரியையும் மாத்தி மாத்திக் கொட்டி, கீழ ஆர்ச்சுக்குள்ள நின்னு வெந்த சுண்ணாம்ப வாருவாங்க. அதனால ஆர்ச்சு சொதப்புனா மொத்தமும் சொதப்பல்.

கல்லுக்கு உடைஞ்ச பூந்தொட்டி, ஒவ்வொண்ணையும் ஆப்பு மாதிரி தேய்ச்சது, 17 கல்லு. ஃபெவிகால் வச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும், ஆனா சுண்ணாம்புக் காளவாய பசை போட்டு ஒட்ட மனசு வரல. இங்க சிங்கப்பூர் தேக்காவுல வெத்தலைக் கடையில சுண்ணாம்பு வாங்குனேன் (ரோஸ் வேணாம், வெள்ளை கேளுங்க). முதல் தடவ வெறும் சுண்ணாம்பு, காய்ஞ்சதும் பாளம் பாளமா வெடிச்சுருச்சு. அடுத்து ஒண்ணுக்கு மூணு மணல் போட்டு ஃபேன் அடியில வச்சேன், தொட்டா மாவு. மூணாவது, அவசரப்பட்டு ரெண்டு நாள்லயே சென்ட்ரிங்க எடுத்து நானே கெடுத்தேன்.

ஊர்ல சித்தப்பா கொத்தனார், அவருக்கு வீடியோ கால் போட்டா சிரிக்கிறாரு. "தம்பி, கலவைய புளிக்க வச்சியா? ஈரச்சாக்கு போட்டியா? காத்துல காய வைக்க அது என்ன வத்தலா?" அதான் விஷயமே. சுண்ணாம்பு காய்ஞ்சு இறுகுறது இல்ல, ஈரத்தோட காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து திரும்பக் கல்லாகுது. காளவாயில 900 டிகிரி பக்கம் வேகுறப்ப 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லுல 44 கிலோ அந்த வாயுவாத்தான் போயிடும், மிச்சம் 56 கிலோதான் சுண்ணாம்பு. போனத என் ஆர்ச்சு எங்க ஹால் காத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வாங்கிக்குது! இந்தத் தடவ கலவைய ஒரு வாரம் டப்பாவுல மூடி வச்சு, கட்டுனப்புறம் ஈரத்துணி போத்தி ரெண்டு வாரம் கை வைக்கல. அப்புறமும் சென்ட்ரிங்க ஒரேடியா உருவாம, அடியில சொருகுன அட்டைய ஒண்ணு ஒண்ணா எடுத்து இறக்குனேன்.

மிச்ச சுண்ணாம்ப என்ன பண்றதுன்னு யோசிக்கிறப்ப இங்க இருக்க செயின்ட் ஆன்ட்ரூஸ் கதீட்ரல் சர்ச் ஞாபகம் வந்துச்சு. நம்ம இந்தியக் கைதிங்க கட்டுனது, உள்பூச்சு மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்கா மட்டை ஊறுன தண்ணி. ஒரு டைல்ஸ் மேல பூசிப் பார்க்கணும், மட்டை ஊற வைக்க இன்னும் வீட்ல பர்மிஷன் கிடைக்கல.

குழிக்குள்ள கரி அடுக்குதான் இப்ப இடிக்குது. மீன் தொட்டி ஃபில்டர் கரி ரொம்பப் பெருசு, தட்டுனா பொடியாயிடுது. ஒரே அளவுல பொடிக்கரி இங்க எங்க கிடைக்கும்?